‘அது’வா, ‘அவை’யா? ஜான் டைலர் அதிபரான கதை

“அமெரிக்காவில் அதிபர் இறந்துபோனால் துணை அதிபர் மீதிக் காலம் முழுக்க அதிபராகவே இருந்துவிடுகிறாரே, இது அவர்கள் அரசியல் சட்டத்தில் முதலிலிருந்தே இருக்கிறதா? முதன்முதலாக இப்படி நடந்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. அது தெளிவான சொற்களில் எழுதப்பட்டது 1967-ல். அதற்கு முன்பே எட்டு துணை அதிபர்கள் அப்படி அதிபராகியிருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு: ஆட்சேபித்தார்கள், ஆனால் எட்டு வாரம் தாமதமாக. அதற்குள் அந்த மனிதர் வெள்ளை மாளிகையில் குடியேறி, நாட்டுக்கு அறிக்கை வெளியிட்டு, அமைச்சரவையையும் நடத்தத் தொடங்கியிருந்தார். அவர் பெயர் ஜான் டைலர். வருடம் 1841.

முதலில் சட்டத்தில் என்ன இருந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் சண்டை முழுக்க ஒரு சுட்டுப்பெயரைப் பற்றியது. 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கும் வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “அதிபர் பதவியிலிருந்து நீக்கப்பட்டாலோ, இறந்தாலோ, விலகினாலோ, அந்தப் பதவியின் அதிகாரங்களையும் கடமைகளையும் நிறைவேற்ற இயலாமல் போனாலோ, அது துணை அதிபரைச் சேரும்.”

‘அது’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் ‘தி சேம்’ என்று இருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றுதான். அதனால் அது ‘பதவி’யைக் குறிக்கிறதா, ‘அதிகாரங்களையும் கடமைகளையும்’ குறிக்கிறதா என்று வாக்கியத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. தமிழில் இந்த வசதி கிடையாது. ‘அது’ என்று எழுதினால் பதவி, ‘அவை’ என்று எழுதினால் அதிகாரங்களும் கடமைகளும். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நான் ‘அது’ என்று எழுதிய நிமிஷமே டைலர் கட்சிக்குப் போய்விட்டேன், கவனித்தீர்களா?

வித்தியாசம் சின்னது இல்லை. பதவியே வந்து சேருகிறது என்றால் துணை அதிபர் அதிபராகிவிட்டார். பழைய பதவி போயிற்று, நான்கு ஆண்டுக் காலத்தின் மிச்சம் முழுவதும் அவருடையது. அதிகாரங்களும் கடமைகளும் மட்டும் வந்து சேருகின்றன என்றால் அவர் துணை அதிபர்தான். அதிபர் வேலையைக் கூடுதலாகப் பார்க்கிறார். நம் ஊர் அலுவலக வழக்கில் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டுக்கொள்பவர். சம்பளத்திலும் இடைவெளி உண்டு. அன்று துணை அதிபருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர், அதிபருக்கு 25,000.

சட்டத்தை எழுதியவர்கள் எதை நினைத்தார்கள்? இதற்கு ஓரளவு நல்ல தடயம் இருக்கிறது. பிலடெல்பியா மாநாட்டில் 1787 செப்டம்பர் தொடக்கத்தில் இருந்த வரைவு, புதிய அதிபர் தேர்ந்தெடுக்கப்படும் வரையோ, பழைய அதிபரின் இயலாமை நீங்கும் வரையோ, துணை அதிபர் ‘அந்த அதிகாரங்களையும் கடமைகளையும்’ செலுத்துவார் என்று குழப்பமில்லாமல் சொல்கிறது. அதை மொழிநடைக் குழு ஒன்றிடம் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் வேலை சொற்களைச் செதுக்குவது. பொருளை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி அழகுபடுத்தியதில் ‘தி சேம்’ வந்து உட்கார்ந்தது. தலையங்கம் எழுதுபவர்களுக்கு இந்த விபத்து பழக்கம்தான்: வாக்கியம் மெலியும், பொருள் நழுவும். பிற்பாடு 1792-ல் வந்த வாரிசுச் சட்டமும் 1804-ல் வந்த 12-ஆம் திருத்தமும் ‘அதிபராகச் செயல்படுவார்’ என்ற தொடரைத்தான் பயன்படுத்தின. ஆகவே எழுதியவர்களின் எண்ணத்தை வைத்துப் பார்த்தால் டைலர் செய்தது தவறு என்பது என் கருத்து. ஆனாலும் அவர் ஜெயித்தார்.

52 ஆண்டுகள் இந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்றால், எழ வாய்ப்பு வரவில்லை. வாஷிங்டன் முதல் வான் பியூரன் வரை எட்டு அதிபர்கள். எல்லோரும் காலத்தை முடித்தார்கள். துணை அதிபர்கள்தான் போனார்கள்: ஜார்ஜ் கிளின்டன் 1812-ல் இறந்தார், எல்பிரிட்ஜ் ஜெர்ரி 1814-ல் இறந்தார், கல்ஹூன் 1832-ல் விலகினார். நாற்காலி காலியாகவே கிடந்தது, யாரும் கவலைப்படவில்லை. 1813 கோடையில் மேடிசன் கடும் காய்ச்சலில் படுத்தபோது கொஞ்சம் பதற்றம் இருந்தது. 1835-ல் ஜாக்சனை ஒருவன் இரண்டு துப்பாக்கிகளால் சுட முயன்றான், இரண்டும் வெடிக்கவில்லை. இரண்டு முறையும் கேள்வி வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று.

1840 தேர்தலில், ஜனநாயகக் கட்சியை எதிர்த்து நின்ற அன்றைய பெரிய கட்சியான விக் கட்சி, வில்லியம் ஹென்றி ஹாரிசனை நிறுத்தியது. வயதான போர்த் தளபதி. டிப்பக்கனூ என்ற இடத்தில் 1811-ல் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையால் பெயர் பெற்றவர். துணைக்கு வர்ஜீனியாவின் டைலர். “டிப்பக்கனூ, கூடவே டைலரும்” என்பது தேர்தல் கோஷம். அந்த ‘கூடவே’யில் டைலரின் இடம் என்னவென்று தெரிந்துவிடும். தென்மாநில வாக்குகளுக்காகச் சேர்த்துக்கொண்ட ஆள். விக் கட்சிக்காரர்கள் மத்திய வங்கி வேண்டும் என்றவர்கள். டைலர் வங்கியை எதிர்த்தவர். ஜனநாயகக் கட்சியில் இருந்தவர், ஜாக்சனோடு பிணங்கி வெளியே வந்தவர். 1833-ல் தென் கரோலினாவுக்கு எதிராகப் படையை அனுப்ப ஜாக்சனுக்கு அதிகாரம் தரும் மசோதா செனட்டுக்கு வந்தபோது எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. 1836-ல் வர்ஜீனியா சட்டமன்றம் இப்படி வாக்களி என்று சொன்னபோது, மனம் ஒப்பாமல் செனட் பதவியையே விட்டுவிட்டுப் போனார். இவ்வளவு பிடிவாதக்காரரைச் சும்மா அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கட்சி நினைத்ததுதான் வேடிக்கை.

ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். வான் பியூரனுக்கு 60. 1841 மார்ச் 4 அன்று குளிரில் மேலங்கியும் தொப்பியும் இல்லாமல் நின்று, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உரை ஆற்றினார். ஒரு மாதத்தில் இறந்தார். குளிரில் பேசியதால்தான் நிமோனியா வந்தது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அவர் படுக்கையில் விழுந்தது பதவியேற்று மூன்று வாரம் கழித்து. அவருடைய மருத்துவர் விட்டுப்போன குறிப்புகளை அண்மைக் காலத்தில் மறுபடி படித்த ஆய்வாளர்கள், வெள்ளை மாளிகையின் நீர் ஆதாரத்துக்கு அருகே கழிவு கொட்டப்பட்டதையும் சேர்த்துப் பார்த்து, குடல் காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 4, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் ஹாரிசன் மறைந்தார். துணை அதிபர் ஊரிலேயே இல்லை. பதவியேற்பு முடிந்ததும் டைலர் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். செனட்டுக்குத் தலைமை தாங்குவதுதான் துணை அதிபரின் வேலை; செனட் கூடாத காலத்தில் அவருக்குத் தலைநகரில் வேலை ஏது? வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டரின் மகன் ஃப்ளெட்சர், அந்தத் துறையின் தலைமை எழுத்தர், செய்தியோடு புறப்பட்டுப் போய் 5-ஆம் தேதி விடியற்காலையில் கதவைத் தட்டினார். டைலர் அப்போது பிள்ளைகளோடு கோலி விளையாடிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. விடியும் நேரத்தில் 51 வயதுக்காரர் கோலி ஆடுவாரா என்று கேட்டால் கதை உதிர்ந்துவிடும்.

அவர் கையில் கொடுத்த கடிதத்தின் முகவரிதான் முக்கியம். அமைச்சர்கள் எழுதியிருந்தார்கள்: ‘ஜான் டைலர், ஐக்கிய மாநிலங்களின் துணை அதிபர்.’ மறைந்தவரின் சொந்த அமைச்சரவையே அந்தக் காலையில் அவரை அதிபர் என்று அழைக்கவில்லை.

அன்றே கிளம்பி, படகும் ரயிலுமாக மாறி மாறி, 6-ஆம் தேதி விடிவதற்குள் வாஷிங்டன் சேர்ந்தார். அன்று நண்பகல் பென்சில்வேனியா அவென்யூவில் இருந்த பிரௌன் என்பவரின் ‘இந்தியன் குவீன்’ ஹோட்டலில் அமைச்சர்கள் கூடியிருக்க, அதிபருக்குரிய பதவிப் பிரமாணத்தை எடுத்துக்கொண்டார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி ஊரில் இல்லை. பால்டிமோரில் இருந்தார், முறையான அழைப்பு இல்லாமல் இதில் தலையிட அவருக்கு மனமும் இல்லை. பிரமாணம் செய்துவைத்தவர் தலைநகர் வட்டார நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் கிராஞ்ச்.

அன்று கிராஞ்ச் எழுதிக் கொடுத்த சான்றிதழ் ஒரு சின்ன அற்புதம். துணை அதிபராக ஏற்கனவே எடுத்த பிரமாணமே போதும், அதிபரின் பதவியையும் அதிகாரங்களையும் ஏற்கத் தனக்கு வேறு பிரமாணம் தேவையில்லை என்று டைலர் கருதுகிறார். ஆனாலும் பிற்பாடு ஐயங்கள் எழக்கூடும் என்பதால், கூடுதல் எச்சரிக்கைக்காக இதை எடுத்துக்கொள்கிறார். இதுதான் அதன் சாரம். எவ்வளவு நேர்த்தி பாருங்கள். பிரமாணம் எடுத்ததால் அதிபரானேன் என்று அவர் சொல்லவில்லை. ஹாரிசனின் மூச்சு நின்ற நொடியிலேயே அதிபராகிவிட்டேன், இது வெறும் காப்பு என்கிறார். சந்தேகம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே சந்தேகத்தின் வாயை அடைக்கும் வேலை இது. நல்ல வக்கீல்.

முதல் அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. ஹாரிசன் எல்லாவற்றையும் ஓட்டெடுத்து முடிவு செய்வார், அவருக்கும் ஒரு ஓட்டுதான், நீங்களும் அப்படியே செய்வீர்கள்தானே என்று வெப்ஸ்டர் கேட்டதாகவும், உங்கள் யோசனையைக் கேட்பேன், கட்டளையை ஏற்க மாட்டேன், ஒத்துவராதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று டைலர் பதில் சொன்னதாகவும் சொல்வார்கள். இது பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய மகன் வழியாக வந்த செய்தி. அப்பாவைப் பற்றி மகன் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். குணத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 9 அன்று நாட்டு மக்களுக்கு அறிக்கை வெளியிட்டார். துணை அதிபராகத் தேர்வான ஒருவர்மீது வரலாற்றில் முதன்முறையாக அதிபர் பதவி வந்து சேர்ந்திருக்கிறது என்பது அதில் வரும் தொடர். சட்டத்தில் ‘தி சேம்’ இருந்த இடத்தில் ‘அதிபர் பதவி’ என்று சத்தமில்லாமல் நிரப்பிவிட்டார்! வாதம் எதுவும் செய்யவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ஹாரிசனின் அமைச்சர்கள் ஆறு பேரையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஏப்ரல் நடுவில் வெள்ளை மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். ‘பொறுப்பு அதிபர்’ என்று முகவரி எழுதி வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் என்பார்கள்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினர். ஏப்ரல் 16 அன்று தன் நாட்குறிப்பில் பொரிந்து தள்ளினார். துணை அதிபர் அதிபராகச் செயல்படுகிறார் என்று சொல்லாமல் தன்னை அதிபர் என்றே அழைத்துக்கொள்கிறார், இது அரசியல் சட்டத்தின் இலக்கணத்துக்கும் இடம்பொருளுக்கும் நேர் விரோதம் என்பது அவர் புகார். இலக்கணப் பிழையை அரசியல் குற்றமாக எழுதிய அதிபர் வேறு யாரும் இருப்பாரா தெரியாது. அவர் ஹார்வர்டில் சொற்கலைப் பேராசிரியராக இருந்தவர் என்பதைச் சேர்த்துக்கொண்டால் கோபம் புரியும். இன்னொரு வேடிக்கை: பிரமாணம் செய்துவைத்த கிராஞ்ச் இவருடைய பெரியம்மா மகன். ஆடம்ஸின் தாய் அபிகெயிலும் கிராஞ்சின் தாயும் உடன்பிறந்தவர்கள். இலக்கணம் மீறப்பட்டது குடும்பத்துக்குள்ளேயே.

விக் கட்சியின் உண்மையான தலைவர் ஹென்றி கிளே, அதிபர் கனவில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் ஒரு கடிதத்தில் டைலரைத் துணை அதிபர் என்றே குறிப்பிட்டு, இந்த ஆட்சி ராஜா இல்லாத காலத்தில் அரசாள்பவர் நடத்தும் இடைக்கால ஆட்சி மாதிரி இருக்கும் என்று எழுதினார்.

ஹாரிசன் இறப்பதற்கு முன்பே சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்திருந்ததால் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், மே 31 அன்று கூடியது. எப்போதும்போல் இரண்டு சபைகளும் அதிபருக்குத் தாங்கள் கூடிவிட்டதைத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சம்பிரதாயத் தீர்மானத்தில் சிக்கல் வெடித்தது. பிரதிநிதிகள் சபையில் டைலரின் நண்பர் ஹென்றி வைஸ் ‘அதிபர்’ என்ற சொல்லோடு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நியூயார்க்கின் ஜான் மெக்கியோன் எழுந்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘இப்போது அதிபரின் கடமைகளைச் செய்துவரும் துணை அதிபர்’ என்று போடுங்கள் என்றார். தோற்றது.

செனட்டில் இன்னும் நல்ல வாதம் நடந்தது. ஓஹையோவின் வில்லியம் ஆலன் கேட்ட கேள்வி இது: சட்டம் மரணத்தையும் இயலாமையையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. மரணத்தில் பதவியே மாறுகிறது என்றால் இயலாமையிலும் பதவியே மாற வேண்டும். அப்படியானால் காய்ச்சலில் படுத்த அதிபர் குணமாகி எழுந்து வந்தால் அவர் யார்? அதே ஓஹையோ தரப்பிலிருந்து ஒரு உவமையும் வந்தது: போர்க்களத்தில் கர்னல் விழுந்தால் அடுத்த நிலை அதிகாரி படையை நடத்துவார்; அதனாலேயே அவர் கர்னல் ஆகிவிட மாட்டார். கல்ஹூன் குறுக்கிட்டு, இயலாமை பற்றிய பேச்சு இப்போது எதற்கு, அதிபர் இறந்துவிட்டார், திரும்பி வரப்போவதில்லை என்று முடித்தார். வாக்கெடுப்பில் ஆலன் பக்கம் 8 பேர், எதிர்ப்பக்கம் 38.

டைலர் ஏன் இவ்வளவு சுலபமாக ஜெயித்தார்? ஏப்ரல் 4 முதல் மே 31 வரை எதிர்த்துப் பேச அதிகாரம் உள்ள எந்த அமைப்பும் கூடியிருக்கவில்லை. அமைச்சர்களுக்குத் தங்கள் வேலை பறிபோகாமல் இருந்தால் போதும். விக் கட்சிக்காரர்கள் இவர் நம்ம ஆள்தானே, முழு அதிபராகவே இருக்கட்டும், நம் மசோதாக்களில் கையெழுத்திட்டால் சரி என்று கணக்குப் போட்டார்கள். ஜனநாயகக் கட்சியிலும் பலருக்கு மாநில உரிமை பேசும் டைலர் ஹாரிசனைவிடத் தோதானவர். அவரவர் கணக்கு ஒரே விடையில் வந்து நின்றது. எனக்குத் தோன்றுவது இதுதான்: மே 31-க்குள் டைலர் ஒருமுறையாவது தயங்கியிருந்தால், ‘காங்கிரஸ் சொல்லட்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், விடை வேறாக வந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. டைலர் வாழ்நாள் முழுக்க ‘எழுத்துப்படி’ கட்சிக்காரர். சட்டத்தில் நேரடியாக எழுதாத அதிகாரம் எதுவும் மத்திய அரசுக்கு இல்லை என்று வாதாடியே பெயர் வாங்கியவர். ஆடம்ஸ் அதற்கு நேரெதிர்: சாலை, கால்வாய், வானாய்வகம் என்று மத்திய அரசு எல்லாம் செய்யலாம், சட்டத்தை விரித்துப் படியுங்கள் என்றவர். பதவி என்று வந்ததும் விரித்துப் படித்தவர் டைலர்; எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஆடம்ஸ். பதவியில் உட்கார்ந்த பிறகு டைலர் பழையபடி எழுத்துப்படிக்காரராக மாறிவிட்டார் என்பது இன்னும் அழகு.

அந்த மாற்றத்தைத்தான் விக் கட்சி தாங்கவில்லை. மத்திய வங்கி மசோதாவை 1841 ஆகஸ்ட் 16 அன்று அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பினார். அன்றிரவு வெள்ளை மாளிகை வாசலில் குடித்துவிட்டு வந்த கூட்டம் தாரை தப்பட்டையோடு கூச்சல் போட்டது. திருத்தி அனுப்பிய இரண்டாவது மசோதாவையும் செப்டம்பர் 9 அன்று வீட்டோ செய்தார். 11-ஆம் தேதி மதியம் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் வெப்ஸ்டரைத் தவிர ஐந்து அமைச்சர்களும் வரிசையாக ராஜினாமா கொடுத்தார்கள். 13-ஆம் தேதி கட்சி அவரைத் தள்ளிவைத்தது. கட்சியில்லாத அதிபர். ‘ஆக்சிடென்ட்’டில் வந்தவர் என்று குத்திக்காட்டி, ‘ஹிஸ் எக்ஸலென்சி’ என்பதைத் திரித்து ‘ஹிஸ் ஆக்சிடென்சி’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். ஜூன் மாதம் தாங்களே ஓட்டுப் போட்டுத் தந்த ‘அதிபர்’ பட்டத்தை இலையுதிர் காலத்தில் திரும்பப் பிடுங்க முயன்ற கதை. 1843 ஜனவரியில் பதவிநீக்க விசாரணைக்கான தீர்மானம் ஒன்றும் வந்து 127-க்கு 83 என்று தோற்றது. அமெரிக்க அதிபர் ஒருவர்மீது அப்படி ஒரு முயற்சி சபையில் வாக்கெடுப்புவரை போனது அதுவே முதல் முறை.

இடையில் 1844 பிப்ரவரி 28 அன்று பொட்டோமாக் ஆற்றில் ‘பிரின்ஸ்டன்’ போர்க்கப்பலில் பெரிய பீரங்கி ஒன்று வெடித்து, வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். பீரங்கிக்குச் ‘சமாதானக்காரன்’ என்று பெயர். டைலர் அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார். அவரும் போயிருந்தால்? துணை அதிபர் பதவி காலி. 1792 சட்டப்படி செனட்டின் தற்காலிகத் தலைவர் வில்லி மாங்கம் அதிபராகச் ‘செயல்பட்டிருப்பார்’, புதிய தேர்தல் நடந்திருக்கும். ஆடம்ஸ் கேட்ட ஏற்பாடு அந்த வழியில் முழு உருவத்தோடு வந்திருக்கும். அந்த வெடிப்பில் தந்தையை இழந்த ஜூலியா கார்டினரைத்தான் டைலர் நான்கு மாதத்தில் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி 1842-ல் வெள்ளை மாளிகையிலேயே இறந்திருந்தார். இரண்டு மனைவியர் வழியாக 15 பிள்ளைகள். 1790-ல் பிறந்த இந்த மனிதரின் பேரன் ஒருவர் 2025 மே மாதம்வரை உயிரோடு இருந்தார் என்பது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்னுதாரணம் உறைந்தது 1850-ல். ஜூலை 9 அன்று அதிபர் சக்கரி டெய்லர் இறந்தார் (டைலர் வேறு, டெய்லர் வேறு). மறுநாள் மில்லார்டு ஃபில்மோர் பிரமாணம் எடுத்தார். செய்துவைத்தவர் அதே முதிய கிராஞ்ச். இந்த முறை யாரும் இலக்கணம் பேசவில்லை. ஆடம்ஸ் 1848-ல் இறந்துபோயிருந்தார். ஃபில்மோர் பழைய அமைச்சரவையை முழுதாக அனுப்பிவிட்டு, டெய்லர் எதிர்த்துவந்த, அடிமை முறைத் தகராறு பற்றிய 1850 சமரச மசோதாக்களில் கையெழுத்துப் போட்டார். ‘பொறுப்பு’ அதிபருக்கு இவ்வளவு துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் ஆலன் கேட்ட கேள்வி தீரவில்லை. 1881 ஜூலை 2 அன்று கார்ஃபீல்டு சுடப்பட்டு, செப்டம்பர் 19 வரை படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் அவர் செய்ததாகச் சொல்லப்படும் அரசு வேலை ஒரேயொரு தாளில் கையெழுத்திட்டது. துணை அதிபர் ஆர்தர் பொறுப்பேற்கலாமே என்றால், டைலர் கணக்குப்படி அவர் ஏற்ற நொடியிலேயே நிரந்தர அதிபராகிவிடுவாரே, கார்ஃபீல்டு எழுந்து வந்தால் எங்கே போவார் என்று அமைச்சர்கள் பலர் பயந்தார்கள். ஆர்தரும் கைவைக்கவில்லை. 1919 அக்டோபரில் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோதும் இதே கதை. துணை அதிபர் தாமஸ் மார்ஷல் ஒதுங்கியே நின்றார், மீதமிருந்த 17 மாதங்கள் நாடு பாதி அதிபரோடு ஓடியது. மரணத்துக்கு நன்றாக வேலை செய்த டைலரின் விளக்கம் நோய்க்கு விஷமாகிவிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவைத்ததன் விலை.

கென்னடி கொலைக்குப் பிறகு கொண்டுவந்த 25-ஆம் திருத்தம் 1967 பிப்ரவரி 10 அன்று நிறைவேறியது. அதன் முதல் பிரிவு, அதிபர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ துணை அதிபர் ‘அதிபராவார்’ என்கிறது. 126 ஆண்டுகள் கழித்து டைலருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்புதல். மூன்றாம், நான்காம் பிரிவுகள் இயலாமையைத் தனியே பிரித்து, அப்போது துணை அதிபர் ‘பொறுப்பு அதிபர்’ மட்டுமே என்கின்றன, அது ஆலனுக்கு.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 65-ஆம் பிரிவின்படி துணைத் தலைவர் புதிய குடியரசுத் தலைவர் வரும்வரை அந்தப் பதவியில் செயல்பட மட்டுமே முடியும். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி இருந்தது அப்படித்தான். ஆடம்ஸ் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

டைலரின் முடிவு விசித்திரமானது. 1861-ல் வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது அதன் பக்கம் போனார், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகத் தேர்வானார், அதில் அமருமுன் 1862 ஜனவரி 18 அன்று ரிச்மண்டில் இறந்தார். சவப்பெட்டிமேல் போர்த்தியது கூட்டமைப்பின் கொடி. முன்னாள் அதிபர் இறந்தால் வாஷிங்டன் அரசு வழக்கமாக வெளியிடும் இரங்கல் அறிவிப்பு அவருக்கு வரவில்லை. அந்த ஒரு முறை மட்டும் அவரை அதிபர் என்று அழைக்க வாஷிங்டனுக்கு மனம் வரவில்லை.

2021 நவம்பர் 19 அன்று ஜோ பைடன் மயக்க மருந்தோடு குடல் பரிசோதனைக்குப் போனார். கமலா ஹாரிஸ் 85 நிமிடங்கள் பொறுப்பு அதிபராக இருந்தார். பைடன் விழித்துக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் ஹாரிஸ் மறுபடி துணை அதிபர் மட்டுமே. 1841 ஜூன் மாதம் செனட்டில் வில்லியம் ஆலன் எழுந்து நின்று கேட்டது இந்த 85 நிமிடங்களைப் பற்றித்தான்.